குருதி தந்த சான்று

மாந்தன் தன் உடலைத் தானே திறந்து பார்க்க இயலாதவன். ஆதலின், உள்ளே நிகழும் மாற்றங்களை வெளியே தோன்றும் குறிகளைக் கொண்டே அவன் அறிந்து வந்துள்ளான். நாடியின் நடை, நாவின் நிறம், கண்ணின் மஞ்சள், சிறுநீரின் தன்மை ஆகியன பண்டை மருத்துவர்க்குச் சான்றுகளாக நின்றன. கடந்த 250 ஆண்டுகளில் இவற்றோடு வலிமை மிக்க மற்றொரு சான்றும் சேர்ந்தது. அதுவே குருதி. சில துளிக் குருதியில் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என அளந்து எண்ணாக எழுதிக் காட்டும் முறை வளர்ந்தது. இன்று சிற்றூர் மருந்தகத்திலும் அவ்வெண்ணைப் பெற முடிகின்றது.

எண்ணைப் பெறுதல் எளிது. அதன் பொருளை உணர்தல் அத்துணை எளிதன்று. குருதியில் கொழுப்பு மிகுந்துள்ளது என்று ஒரு தாளில் எழுதப்பட்டிருப்பின், அதற்குக் காரணமான உறுப்பு எது? குற்றம் உண்ணும் உணவிலா, உடலின் ஒரு பகுதியிலா, உடல் முழுவதிலுமா? இவ்வினாவிற்கு ஐயத்திற்கு இடமில்லாத விடை நெடுங்காலம் கிடைக்கவில்லை. நோயுற்ற ஈரலை நீக்கி, வேறொருவருடைய ஈரலைப் பொருத்தும் அறுவை மருத்துவம் வந்த பிறகே விடையின் ஒரு பகுதி வெளிப்பட்டது. உறுப்பை மாற்றிய பின் குருதியின் எண்கள் எவ்வாறு மாறின என்பதை நோக்கியே மருத்துவர்கள் அவ்விடையைக் கண்டனர். அவ்வரலாற்றின் நடுவே ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி நிற்கின்றாள்.

ஈரல் என்னும் ஆலை

1776ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் மேத்யூ டாப்சன், நீரிழிவு நோயாளி ஒருவரின் சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்தார். எஞ்சிய பொருள் சர்க்கரையைப் போன்றே இருந்தது. அந்நோயாளியின் குருதிநீரும் இனிப்புச் சுவை உடையதாக இருப்பதை அவர் கண்டார். சிறுநீர் இனித்தல் என்பது இந்திய மருத்துவ நூலோர் மிகப் பழங்காலத்திலேயே குறித்துவைத்த செய்தியாகும். குருதியிலும் அவ்வினிப்பு உண்டு என்று காட்டியதே டாப்சன் செய்த புதுமை. நோய் சிறுநீரகத்தோடு நின்றுவிடவில்லை, உடல் முழுவதும் பரவியது என்பதற்கு அது முதற் சான்றாயிற்று.

குருதிக்குச் சர்க்கரை எங்கிருந்து வருகின்றது என்பது அடுத்த வினா. உணவிலிருந்து மட்டுமே வருகின்றது என அக்காலத்தார் நம்பினர். பிரெஞ்சு நாட்டு அறிஞர் கிளாடு பெர்னார்டு இந்நம்பிக்கையை ஆய்வுக்கு உட்படுத்தினார். இறைச்சி மட்டுமே உண்ட நாயின் ஈரலிலிருந்து வெளிப்படும் குருதியிலும் சர்க்கரை இருப்பதை அவர் கண்டார். 1855ஆம் ஆண்டில் அவர் செய்த ஆய்வு இன்றும் பள்ளி மாணவர்க்கு எடுத்துரைக்கத் தக்கது. உடலிலிருந்து எடுத்த ஈரலின் குழாய்கள் வழியே நீரைச் செலுத்தி, சர்க்கரை சிறிதும் இல்லாத நிலை வரும்வரை அவர் கழுவினார். பின்னர் அதனை அப்படியே வைத்துவிட்டு மறுநாள் ஆராய்ந்தபோது, கழுவிய ஈரலில் மீண்டும் சர்க்கரை இருந்தது. எனவே ஈரல் தனக்குள்ளே ஒரு பொருளைச் சேமித்து வைத்து, அதிலிருந்து சர்க்கரையை உண்டாக்குகின்றது என்பது தெளிவாயிற்று. 1857ஆம் ஆண்டில் அச்சேமிப்புப் பொருளையும் அவர் பிரித்தெடுத்தார். கிளைக்கோஜன் என இன்று நாம் வழங்குவது அதுவே.

கொழுப்பின் வரலாறும் ஈரலைச் சார்ந்தே தொடங்குகின்றது. பித்தப்பையில் தோன்றும் கற்களில் மெழுகு போன்ற ஒரு பொருள் இருப்பதை 18ஆம் நூற்றாண்டினர் அறிந்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலறிஞர் செவ்ரூல் அதற்குப் பெயர் சூட்டினார். பித்தம், திண்மை எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே கொலஸ்டிரால் என்னும் பெயரின் வேர். ஆக, பெயரிலேயே ஈரலின் அடையாளத்தைத் தாங்கிய பொருள் அது. ஆயினும், குருதியில் அதன் அளவை ஆள்வது ஈரலே என்று உறுதியாக நிறுவ இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

குடும்பத்தில் ஓடிய நோய்

1938ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் கார்ல் மியூல்லர், சில குடும்பங்களில் வழிவழியாக வந்த ஒரு நோயினை விளக்கி எழுதினார். அக்குடும்பத்தாரின் குருதியில் கொலஸ்டிரால் மிகுந்திருந்தது. தசைநாண்களிலும் தோலிலும் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள் தோன்றின. இளமையிலேயே நெஞ்சுவலி கண்டது. பின்னர் 1964ஆம் ஆண்டில் லெபனான் நாட்டில் ஆய்வு செய்த கச்சதூரியன் என்பார், இந்நோய்க்கு இரு நிலைகள் உண்டு எனத் தெளிவுபடுத்தினார். பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதுற்ற மரபணுவைப் பெற்றவர்க்கு நோய் நடுத்தரமாக இருக்கும். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கோ அது கொடியதாக இருக்கும். முதல் நிலை, ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகின்றது. இரண்டாம் நிலை மிக அரிது. சில இலட்சம் பேருக்கு ஒருவரே அதற்கு ஆளாவர். அவ்வாறு ஆளான குழந்தை, மருத்துவம் செய்யாவிடில், பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்புக்கு இரையாகக் கூடும்.

உணவில் தவறு செய்ய வாய்ப்பே பெறாத சிறு குழந்தைக்கு ஏன் இந்நிலை? இவ்வினாவை அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்டுஸ்டீன் ஆகிய இரு மருத்துவர்கள் கையில் எடுத்தனர். நோயாளிகளின் தோலிலிருந்து பெற்ற உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, 1970களின் முற்பகுதியில் அவர்கள் ஒன்றைக் கண்டறிந்தனர். கொலஸ்டிரால் குருதியில் தனித்து ஓடுவதில்லை. புரதத்தோடு இணைந்து, சிறு துகள்களாகவே ஓடுகின்றது. அவற்றுள் அடர்த்தி குறைந்த துகளை எல்.டி.எல். என மருத்துவர் சுருக்கி வழங்குவர். நலமுற்ற உயிரணுவின் மேற்பரப்பில் அத்துகளைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் உள்ளன. நோயுற்ற குழந்தையின் உயிரணுவில் அவ்வேற்பிகள் இல்லை, அல்லது இருந்தும் பயன்படவில்லை. துறைமுகத்தில் சரக்கை இறக்குவோர் இல்லாவிடில் கப்பல்கள் கடலிலேயே தேங்கி நிற்பது போல, துகள்கள் குருதியிலேயே தேங்கி, இறுதியில் நெஞ்சின் குழாய்ச் சுவர்களில் படிந்தன. இக்கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 1985ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் ஒன்று எஞ்சி நின்றது. ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்ந்த தோல் உயிரணு கூறியது, உயிருள்ள குழந்தையின் உடலிலும் உண்மையா? ஏற்பிகளின் பெரும்பகுதி ஈரலில் உள்ளது என்றால், நல்ல ஈரல் ஒன்றைப் பெற்ற குழந்தையின் குருதி தூய்மையாக வேண்டுமன்றோ? இதனைச் சோதிப்பதற்கு முன், ஈரலை மாற்றும் கலை வளர்ந்தாக வேண்டியிருந்தது.

ஸ்டார்சல் நடந்த பாதை

அக்கலையை வளர்த்தவருள் முதன்மையானவர் தாமஸ் ஸ்டார்சல். 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிறந்த இவர், 1963ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள், டென்வர் நகரில், மூன்று வயதுக் குழந்தைக்கு ஈரல் மாற்ற முயன்றார். மாந்தருக்குச் செய்யப்பட்ட முதல் ஈரல் மாற்று அறுவை அதுவே. குருதிப் பெருக்கு நிற்கவில்லை. குழந்தை அறுவை மேசையிலேயே உயிர் நீத்தது. அவ்வாண்டில் தொடர்ந்து செய்த முயற்சிகளும் தோல்வியில் முடிந்தன. பின்னர்ச் சில ஆண்டுகள் அறுவையை நிறுத்திவைத்து, குறைகளை ஆராய்ந்து, 1967ஆம் ஆண்டில் அவர் மீண்டும் தொடங்கினார். அவ்வாண்டு சூலையில் ஈரல் மாற்றம் பெற்ற ஒன்றரை வயதுக் குழந்தை ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்தது. தோல்வியை மறைக்காமல் ஆராய்ந்தவர்க்கே அவ்வெற்றி கிட்டியது என்பதை மாணவர் உளங்கொள்ளல் வேண்டும்.

ஸ்டார்சலின் ஆர்வம் உறுப்பைப் பொருத்துவதோடு நின்றுவிடவில்லை. ஈரலுக்குள் செல்லும் குருதியே உடலின் வேதியியலை எவ்வாறு ஆள்கின்றது என்பதையும் அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். 1973ஆம் ஆண்டில், மேலே கூறிய குடும்ப நோயின் கொடிய நிலைக்கு ஆளான சிறுமி ஒருத்திக்கு, குடலிலிருந்து ஈரலுக்கு வரும் பெருங்குழாயைத் திருப்பி, ஈரலைத் தொடாமலே குருதி இதயம் நோக்கிச் செல்லுமாறு செய்தார். அவளது கொலஸ்டிரால் குறைந்தது. தோலின் கட்டிகள் சுருங்கின. குருதிக் கொழுப்பின் ஆட்சி ஈரலிடம் உள்ளது என்பதற்கு அஃது ஒரு குறிப்பு. ஆயினும் நோய் முற்றாக நீங்கவில்லை.

ஈரல் மாற்றத்திற்குப் பெருந்தடையாக இருந்தது உடலின் எதிர்ப்பு. பிறர் உறுப்பை உடல் அயலாகக் கருதி அழிக்க முற்படும். அவ்வெதிர்ப்பை அடக்கக் கொடுத்த பழைய மருந்துகளின் பயன் குறைவு. மாற்று ஈரல் பெற்றோருள் ஏறத்தாழ மூவருள் ஒருவரே ஓராண்டைக் கடந்தனர். நார்வே நாட்டு உயர்நில மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட சைக்ளோஸ்போரின் என்னும் பொருளுக்கு எதிர்ப்பை அடக்கும் ஆற்றல் உண்டென 1970களில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் கண்டனர். 1978ஆம் ஆண்டில் கேம்பிரிட்சின் ராய் கால்ன் அதனை நோயாளிகளுக்கு முதன்முதலாகப் பயன்படுத்தினார். 1980ஆம் ஆண்டு முதல் ஸ்டார்சல் அதனை ஈரல் மாற்றத்திற்கு மேற்கொண்டபோது, பத்துப் பேருள் ஏழு பேர் ஓராண்டைக் கடக்கும் நிலை உருவாயிற்று. 1983ஆம் ஆண்டு சூனில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகம் கூட்டிய அறிஞர் மாநாடு, ஈரல் மாற்றம் இனிச் சோதனை முயற்சி அன்று, ஏற்கத்தக்க மருத்துவமே என அறிவித்தது. அதற்கு எட்டுத் திங்களுக்குப் பின் அச்சிறுமியின் முறை வந்தது.

1984ஆம் ஆண்டு பிப்ரவரி 14

ஸ்டோர்மி ஜோன்ஸ் என்னும் அச்சிறுமி டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்தவள். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெற்றவள். அவளது குருதியில் கொலஸ்டிரால், டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. நலமுடையோர்க்கு அது 200க்குள் இருத்தல் நன்று என்பதை ஒப்புநோக்கினால் அதன் கொடுமை புலனாகும். ஆறு வயதுக்குள் அவள் மாரடைப்புக்கு ஆளாகி, நெஞ்சுக் குழாய்களுக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையும், இதயத்தின் ஓர் அடைப்பிதழை மாற்றும் அறுவையும் பெற்றிருந்தாள். ஆயினும் இதயம் தளர்ந்துகொண்டே வந்தது.

மருத்துவர்கள் எதிர்கொண்ட சிக்கல் இது. புதிய இதயம் மட்டும் பொருத்தினால், குருதியில் ஓடும் கொழுப்பு அதனையும் சில ஆண்டுகளில் கெடுத்துவிடும். புதிய ஈரல் மட்டும் பொருத்தினால், பழைய இதயம் அவ்வறுவையைத் தாங்காது. எனவே இரண்டையும் ஒருசேர மாற்றுவது என முடிவாயிற்று. அதற்குமுன் எவரும் செய்து வெற்றி காணாத செயல் அது. பிட்சுபர்க்கு நகரின் குழந்தைகள் மருத்துவமனையில், 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், ஏறத்தாழ 16 மணி நேரம் அறுவை நடந்தது. ஸ்டார்சல் ஈரலைப் பொருத்தும் குழுவை நடத்தினார்; ஹென்றி பான்சன் இதய அறுவைக் குழுவிற்குத் தலைமை ஏற்றார். உயிர் நீத்த மற்றொரு குழந்தையின் குடும்பத்தார், தம் துயரின் நடுவே அளித்த கொடையால்தான் இஃது இயன்றது. வரலாறு அறுவை மருத்துவரின் பெயரைப் பெரிதாக எழுதுகின்றது. அக்குடும்பத்தார்க்கும் அதில் இடம் உண்டு.

இனிக் குருதி என்ன கூறிற்று எனக் காண்போம். முதல் பத்து வாரங்களுக்குள், 1000க்கு மேலிருந்த மொத்தக் கொலஸ்டிரால் 270 மில்லிகிராமாக இறங்கியது. டல்லாஸ் மருத்துவர் டேவிட் பில்ஹைமர், கோல்டுஸ்டீன், பிரவுன், ஸ்டார்சல் முதலியோர் இணைந்து அவ்வாண்டிலேயே வெளியிட்ட ஆய்வுரையின்படி, எல்.டி.எல். கொலஸ்டிரால் 988இலிருந்து 184ஆகக் குறைந்தது. மலேசிய மருத்துவமனைகள் பயன்படுத்தும் மில்லிமோல் கணக்கில் கூறின், 25.5இலிருந்து 4.8ஆகக் குறைந்தது. இது நூற்றுக்கு 81 பங்கு வீழ்ச்சியாகும். அத்துகள்களைக் குருதியிலிருந்து அகற்றும் வேகம் இரண்டரை மடங்கு உயர்ந்தது.

அவளது தோலும் தசையும் குடலும் பழையனவே. அவற்றின் ஒவ்வோர் உயிரணுவிலும் பழுதுற்ற மரபணு அப்படியே இருந்தது. கொழுப்பை அகற்றும் உறுப்புகளுள் மாறியது ஈரல் ஒன்றே. ஈரல் மாறியதும் குருதி மாறிற்று. ஆய்வுக்கூடத்துத் தட்டில் பிரவுனும் கோல்டுஸ்டீனும் கண்டதை, உயிருள்ள ஒரு குழந்தையின் குருதி உண்மையென உறுதி செய்தது.

அதற்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. 1970களில் தோக்கியோவில் அகிரா எண்டோ என்னும் அறிஞர், பூஞ்சைகளை ஆராய்ந்து, உடல் கொலஸ்டிராலை உண்டாக்குவதைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கண்டிருந்தார். ஸ்டாட்டின் எனப்படும் மருந்துக் குடும்பத்தின் தொடக்கம் அதுவே. அம்மருந்து ஈரலில் கொலஸ்டிரால் உற்பத்தியைக் குறைக்கும். குறைவை ஈடுசெய்ய ஈரல் மேலும் ஏற்பிகளை உண்டாக்கிக் குருதியிலிருந்து கொழுப்பை இழுத்துக்கொள்ளும். பயனுள்ள ஏற்பியை உண்டாக்கவே இயலாத பழைய ஈரலிடம் அம்மருந்தால் ஒன்றும் செய்ய இயலாது. புதிய ஈரலோ மருந்தின் குரலுக்குச் செவிசாய்த்தது. இக்குடும்பத்தைச் சேர்ந்த லோவாஸ்டாட்டின் கொடுத்த பின் அச்சிறுமியின் கொலஸ்டிரால் இயல்பான அளவை எட்டியது என 1986ஆம் ஆண்டில் மருத்துவ இதழொன்று அறிவித்தது.

காக்கும் மருந்தின் விலை

1980களுக்குப் பின் ஈரல் மாற்றம் உலகெங்கும் பரவிற்று. ஓராண்டைக் கடப்பதே அரிதாக இருந்த நிலை மாறி, 20, 30 ஆண்டுகள் வாழ்வோர் தொகை பெருகியது. நீண்ட வாழ்வு புதிய வினாக்களை எழுப்பியது. ஈரலால் இறவாது தப்பியவருள் பலர், பின்னாளில் மாரடைப்புக்கும் நீரிழிவுக்கும் ஆளாவதை மருத்துவர்கள் கண்டனர். இப்போதும் குருதியே முதலில் சான்று கூறியது.

காரணங்களுள் ஒன்று, உறுப்பைக் காக்கும் மருந்துகளே. ஸ்டீராய்டு மருந்து ஈரலைத் தூண்டிச் சர்க்கரையை மிகுதியாக வெளியிடச் செய்கின்றது. இன்சுலினின் வலிமையையும் குறைக்கின்றது. சைக்ளோஸ்போரின் குருதிக் கொழுப்பையும் குருதி அழுத்தத்தையும் ஏற்றுகின்றது. சப்பானிய மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 1984ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டு, 1989இல் பிட்சுபர்க்கில் நோயாளிகளுக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட தாக்ரோலிமஸ் என்னும் மருந்து, எதிர்ப்பை அடக்குவதில் அதனினும் வல்லது. ஆனால் கணையம் இன்சுலினைச் சுரப்பதை அது குறைப்பதால் நீரிழிவை வரவழைக்கக் கூடும். நோயினின்று மீண்டவர்க்கு உணவில் விருப்பம் திரும்புவதும், உடல் எடை ஏறுவதும் இவற்றோடு சேர்கின்றன.

இத்தகையோரின் குருதிச் சர்க்கரையை எவ்வாறு கணிப்பது? இங்கே மற்றொரு வரலாறு குறுக்கிடுகின்றது. 1968ஆம் ஆண்டில் தெகரான் நகரில் சாமுவேல் ராபர் என்னும் ஈரானிய அறிஞர், நீரிழிவு நோயாளிகளின் குருதிச் சிவப்புப் பொருளான ஈமோகுளோபினில் ஒரு மாறுபாட்டைக் கண்டார். சர்க்கரை அதனோடு ஒட்டிக்கொள்வதே அம்மாறுபாட்டின் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. செவ்வணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. ஆதலின் ஒட்டிய சர்க்கரையை அளந்தால், கடந்த இரண்டு மூன்று திங்களின் சராசரி நிலை தெரியவரும். 1976ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தார் இதனை நோயாளிகளிடம் மெய்ப்பித்தனர். எச்பிஏ1சி என்று மருந்தகங்களில் இன்று வழங்கும் சோதனை அதுவே.

பள்ளி வழக்கில் கூறுவதாயின், விடியற்காலைச் சர்க்கரைச் சோதனை ஒருநாள் தேர்வைப் போன்றது. ஏ1சி ஒரு பருவத்தின் சராசரி மதிப்பெண்ணைப் போன்றது. மதிப்பேட்டின் தாள்கள் நடுவே கிழிந்து, வேறொரு மாணவனின் தாள்கள் அங்கே செருகப்பட்டிருந்தால் அச்சராசரி உண்மை பேசுமா? ஈரல் மாற்றம் பெற்றவரின் குருதியில் நிகழ்வது அதுவே. அறுவையின்போது பிறர் குருதி ஏற்றப்படுகின்றது. குருதிச் சோகை நேர்கின்றது. மருந்துகளால் செவ்வணுக்களின் வாழ்நாள் மாறுகின்றது. அந்நிலையில் ஏ1சி எண் உண்மையினும் குறைவாகத் தோன்றி, நோயை மறைத்துவிடக் கூடும். விடியற்காலைச் சோதனையும் ஏமாற்றலாம். காலையில் உட்கொள்ளும் ஸ்டீராய்டு பிற்பகலிலேயே சர்க்கரையை மிகுதியாக ஏற்றுவதால், காலை எண் நல்லதாகவும் மாலை எண் தீயதாகவும் இருத்தல் உண்டு. இவற்றையெல்லாம் ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டில் வியன்னா நகரில் கூடிய பன்னாட்டு அறிஞர்கள், மாற்று அறுவைக்குப் பின் முதல் ஆண்டில் ஏ1சி ஒன்றையே நம்பி முடிவு செய்தலாகாது என்றும், சர்க்கரை நீர் அருந்தச் செய்து அளக்கும் முறையே உறுதி தருவது என்றும் அறிவுறுத்தினர்.

ஈரல் புதிது, உடல் பழையது

அண்மைக் காலத்தில் இவ்வரலாறு மற்றொரு திருப்பத்தை அடைந்துள்ளது. மதுவாலும் மஞ்சள்காமாலை நுண்ணுயிர்களாலும் ஈரல் கெடுவது பழைய செய்தி. இன்றோ மிகை எடை, நீரிழிவு, குருதிக் கொழுப்பு ஆகியவற்றோடு கூடிவரும் கொழுப்பு ஈரல் நோய், ஈரல் மாற்றத்திற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகிவிட்டது. 2023ஆம் ஆண்டில் மருத்துவ உலகம் அந்நோய்க்கே புதுப்பெயர் இட்டு, உடலின் வளர்சிதை மாற்றக் குறைபாட்டோடு அதற்குள்ள உறவைப் பெயரிலேயே சுட்டியது.

இந்நோயினர்க்குப் புதிய ஈரல் பொருத்தினால் குருதியின் எண்கள் சீராகுமா? ஸ்டோர்மிக்குச் சீரானது போல இவர்க்குச் சீராவதில்லை. பலருக்குச் சர்க்கரை மிகுந்தே நிற்கின்றது. புதிய ஈரலிலும் சில ஆண்டுகளில் கொழுப்பு மீண்டும் படிகின்றது. காரணம் வெளிப்படை. அச்சிறுமியின் நோய்க்கு ஏற்பி அற்ற ஈரலே முதற் காரணம். குற்றம் புரிந்த உறுப்பை நீக்கியதும் குருதி தெளிந்தது. கொழுப்பு ஈரல் நோயிலோ ஈரல் துன்புற்ற உறுப்பே அன்றித் தனிக் குற்றவாளி அன்று. தசை, கொழுப்புத் திசு, கணையம், உண்ணும் உணவு, உழைப்பில்லா வாழ்வு ஆகிய அனைத்தும் அதில் பங்குடையன. அவை மாறாதிருக்க ஈரலை மட்டும் மாற்றுதல், கலங்கிய ஆற்றின் கரையில் புதுக்குளம் வெட்டி அந்நீரையே அதில் பாய்ச்சுவதை ஒக்கும்.

இவ்விரு நோய்களையும் அருகருகே வைத்து நோக்கும்போதுதான் குருதியின் சான்று முழுமையாகப் பொருள்படுகின்றது. உறுப்பு மாறிய பின் எண் மாறினால், நோயின் இருப்பிடம் அவ்வுறுப்பே. உறுப்பு மாறியும் எண் மாறாவிடில், நோய் உடல் முழுவதிலும், ஓரளவு வாழ்க்கை முறையிலும் வேர்விட்டுள்ளது. முன்னதற்கு அறுவை மருத்துவர் விடை தருவார். பின்னதற்கு விடை தருவதில் நோயாளிக்கும், அவர் குடும்பத்திற்கும், உணவுப் பழக்கத்தைக் கற்பிக்கும் பள்ளிக்கும் பங்குண்டு. சர்க்கரை நோயை இனிப்புநீர் என்று பெயரிட்டு அன்றாடம் பேசும் அளவிற்கு அதனோடு பழகிவிட்ட மலேசியத் தமிழர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

எண்ணும் உயிரும்

ஸ்டோர்மி ஜோன்ஸ் அறுவைக்குப் பின் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள், பள்ளிக்குச் சென்றாள். ஆனால் ஈரல் அழற்சி நோய் அவளது புதிய ஈரலைத் தாக்கியது. 1990ஆம் ஆண்டு பிப்ரவரியில் இரண்டாம் முறையாக ஈரல் மாற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள், 13 வயதில், அவள் மறைந்தாள். அவளது உடல், மாற்று இதயத்தை ஏற்க மறுத்ததே காரணம். எந்தக் கொழுப்பு அவளைக் கொல்லும் என அஞ்சினரோ, அக்கொழுப்பை மருத்துவம் வென்றிருந்தது. உயிர் வேறொரு வழியாகப் பிரிந்தது.

அறிவியல் அவளிடமிருந்து பெற்றது பெரிது. ஈரலே எல்.டி.எல். கொழுப்பை அகற்றும் தலைமை உறுப்பு என்னும் உண்மையை அவளது குருதி நிறுவியது. அவளைப் போன்று பிறக்கும் குழந்தைகட்குக் குருதியை வடித்துக் கொழுப்பை நீக்கும் முறையும், ஏற்பியின் துணையின்றியே செயற்படும் புதிய மருந்துகளும் இன்று உள்ளன. அவற்றாலும் இயலாதபோது ஈரல் மாற்றம் இன்றும் ஒரு வழியாக நிற்கின்றது. அதே வேளையில், ஓர் எண் ஒரு வினாவிற்கே விடை கூறும் என்பதையும் அவளது வாழ்வு காட்டுகின்றது. கொலஸ்டிரால் எண் நன்றாக இருந்தது. இதயத்தை உடல் ஏற்றுக்கொண்டதா என்பதை அவ்வெண் கூற இயலாது. ஏ1சி எண் நன்றாக இருக்கலாம். பிறர் குருதி அதனுள் கலந்துள்ளது என்பதை அவ்வெண் தானே வந்து சொல்லாது.

ஆகவே, குருதிச் சான்றைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரும், எண் என்ன என்பதோடு நில்லாமல், இது எதை அளந்தது, எப்போது அளந்தது, எதை அளக்கவில்லை என்னும் மூன்று வினாக்களையும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும். கழுவிய ஈரலை மறுநாளும் ஆராய்ந்த பெர்னார்டும், தோல்வியின் காரணத்தை ஆண்டுக்கணக்கில் தேடிய ஸ்டார்சலும் செய்தது அத்தகைய கேள்வியே. அக்கேள்வி மனப்பான்மையை வகுப்பறையில் விதைப்பது ஆசிரியர் கடன். அவ்விதை முளைத்த மாணவன், நாளை தன் தாய் தந்தையரின் குருதிச் சோதனைத் தாளைப் பொருளறிந்து படிப்பான். உரிய காலத்தில் அவர்களை மருத்துவரிடம் அழைத்தும் செல்வான்.